சீல் பிரிக்காத பம்ப்

டீ வேண்டாம் சார். தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிறவனை எனக்குத் தெரியும். போட்ட தூளையே காயவைத்து மறுபடி போடுகிறவன். இந்தப் பக்கத்தில் எந்த வேலையும் அப்படித்தான் நடக்கிறது. குடிக்கிறவனுக்கும் நாக்கு கிடையாது, போடுகிறவனுக்கும் கூச்சம் கிடையாது.

என் பெயர் நாச்சிமுத்து. நாமக்கல்லில் சேலம் ரோட்டில் டீசல் பம்ப், நாசில் பார்க்கிற பட்டறை என்னுடையது. நீங்கள் உள்ளே வைத்திருக்கிற அர்த்தநாரி என் தங்கை சௌந்திரத்தின் புருஷன். அவனுடைய வேனில்தான் போன வாரம் எஞ்சின் வெடித்து அவள் செத்தாள். அவன் கவனக்குறைவால் செத்தாள் என்று கேஸ் எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. ஒரு தப்பு என் தொழில் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் வந்தேன். அழுதுகொண்டு வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வண்டியைப் பார்க்க ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரே, அவர் பார்த்த லட்சணத்தை நானும் பார்த்தேன். பிரேக்கை மிதித்தார். டயரை உதைத்தார். வெப்பம் காட்டும் முள் ஓடவில்லை என்று தலையை ஆட்டினார். அந்த முள் அர்த்தநாரி வண்டி வாங்கிய வருஷமே செத்துப்போனது. அவன் எஞ்சின் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துத்தான் சூடு பார்ப்பான். கடைசியில், டிரைவர் ஆக்சிலேட்டரை மிதமிஞ்சி மிதித்ததால் எஞ்சின் வெடித்தது என்று எழுதிவிட்டுப் போனார். அறுக்கத் தெரியாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்கள். அவர் சட்டைப் பையில் பேனாவே மூன்று இருந்தது.

அவர் பம்பைப் பார்க்கவே இல்லை. அதில் ஈய சீல் அப்படியே இருந்ததால், பம்பில் கோளாறு இருக்காது என்று முடிவு கட்டிவிட்டார். நீங்களும் தலையாட்டினீர்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

டீசல் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்து கொடுப்பது பம்ப், அதை எஞ்சினுக்குள் பீய்ச்சுவது நாசில். இந்தப் பழைய வேன்களில் எஞ்சின் காற்றை இழுக்கிற குழாயிலிருந்து பம்பின் முதுகுக்கு ஒரு சின்னக் குழாய் போகும். அங்கே மூடிக்குள் உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு தோல். எஞ்சின் வேகம் எடுத்தால் காற்றின் இழுப்பு கூடும். தோல் அந்த இழுப்பை உணர்ந்து பின்னால் நகரும், டீசல் குறையும். வெளிநாட்டு வண்டியில் என்னவோ சென்சார் என்று வந்திருக்கிறதாம், கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். நமக்குச் சென்சார் இந்த ஆட்டுத்தோல்தான். எண்ணெய் விட்டு மிருதுவாக வைத்திருந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். அது கிழிந்தால் பின்னால் இருக்கிற ஸ்பிரிங் முழு டீசலையும் திறந்து விட்டுவிடும். அப்புறம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் அடங்காது. கத்தும், கரும்புகை கக்கும், தன்னையே தின்று முடிக்கும் வரை ஓடும்.

அந்த மூடித் திருகுகளையும் டீசல் அளவு வைக்கிற ஸ்க்ரூவையும் கம்பியால் கோத்து, ஈயத்தில் என் அடையாளத்தை அழுத்தி சீல் வைப்பேன். அதை வேறு யாரும் பிரிக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். ஒருவன் வைத்த சீலை இன்னொருவன் பிரித்தால், நீ வேலை தெரியாதவன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அர்த்தநாரி பிரித்தான்.

அவனுக்குப் பரமத்தி வேலூர். வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதை அண்ணன் கையில் விட்டுவிட்டு வேன் வாங்கினான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். சிரித்த முகம், யார் கை காட்டினாலும் நிறுத்துவான், கிழவிகளைக் கையைப் பிடித்து ஏற்றுவான். இந்த மாதிரி ஆட்களை ஊர் ஏன் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் பார்த்த பம்ப் போட்டுக்கொண்டு எத்தனை வண்டி ஓடுகிறது, ஒருவனாவது என்னைப் பார்த்து அப்படிச் சிரித்திருப்பானா.

அவன் மகள் உண்ணாமலைக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்பதால் குழந்தை என் மடியில். பந்தல் நிறைய ஜனம். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அர்த்தநாரி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. நீங்க வெச்ச சீலை நானே பிரிச்சுப்போட்டனுங்க. அந்த ஸ்க்ரூவக் கால் சுத்து திருகி உட்டன். இப்ப வண்டி பறக்குதுங்க."

பக்கத்தில் கண்ணுசாமி நின்றான். அவனும் வேன் ஓட்டுகிறவன்தான், வாய் மட்டும் லாரி அளவு. "அப்பறமென்னங்க, இனி பம்ப்பு வேலைக்கு நாமக்கல்லுக்கு எதுக்குப் போறது? மாப்ளகிட்டயே உட்றலாம்," என்றான். பிறகு என் மடியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காது குத்துனது புள்ளைக்கா, தாய்மாமனுக்கா?" என்றான்.

பந்தலே சிரித்தது. சௌந்திரமும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குழந்தை வீறிட்டு அழுதது, யார் காதிலும் அது விழவில்லை. நான் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வராது சார். கோபம் என்பது சமமான ஆள்மேல் வருவது.

சில நாள் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக என் பட்டறைக்கு வந்தார்கள். சௌந்திரம் விரட்டிக் கூட்டி வந்திருக்கிறாள், பார்த்தாலே தெரிந்தது. தாம்பாளத்தில் அவர்கள் கொடிக்கால் வெற்றிலை, பழம். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் யார் முகம் சுளித்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஏனுங்கண்ணா, அவரு வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள்.

அவன் வெற்றிலை மேல் கையை வைத்தான். "இனி உங்க சீல் மேல கை வெக்க மாட்டனுங்க மச்சான். எஞ்சினே வெடிச்சாலும் அந்தப் பம்ப்பத் தொட மாட்டன். குலசாமி சத்தியமுங்க."

வெடிச்சாலும் என்று அவன்தான் சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை.

வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பம்பை நானே கழற்றினேன். மறுநாள் அதைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றி அளவு பார்த்து, அவன் திருகியதை மாற்றி என் அளவுக்கே கொண்டுவந்தேன். அதன் பிறகு மூடியைத் திறந்து நல்ல தோலை எடுத்துவிட்டேன். பட்டறைத் தகரச் சுவரில் ஆணியடித்து ஒரு பழைய தோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ வண்டியில் கழித்துப் போட்டது, வெயிலில் அப்பளமாகக் காய்ந்திருந்தது. நடுவில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. அதற்கு எண்ணெய் தடவினேன், புதுசு மாதிரி ஆகிவிட்டது. அதைப் போட்டு மூடி சீல் வைத்தேன். நானே வண்டியில் பம்பை ஏற்றிக் குழாய், ஒயர் எல்லாம் மாட்டிக் கொடுத்தேன். சீலைப் பிரித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நடு ரோட்டில் வண்டி கத்தட்டும், ஜனம் இறங்கி ஓடட்டும், அவன் என்னிடம் வந்து நிற்கட்டும். அதைப் பாடம் என்று சொல்லலாம்.

வந்து நின்றான். அதைத்தான் நீங்கள் முக்கியமாக எழுத வேண்டும்.

குத்திய காது சீழ் வைத்துவிட்டது. குழந்தையைச் சேலத்துக்கு, அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் காட்டக் கிளம்பியிருந்தார்கள். பின்னால் வழியில் ஏறிய சவாரி சிலர். போகிற வழியில் என் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தினான். வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாக உறுமிக்கொண்டிருந்தது. தோல் விட்டுப்போக ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

"கேக்கறீங்களா மச்சான்? ஏறுது எறங்குது. தோல்ல ஏதாச்சும் இருக்குமாட்டத் தெரியுதுங்க. முன்னையா இருந்தா நானே மூடியப் பிரிச்சுப் பாத்திருப்பன். சத்தியம் பண்ணிட்டன், தொட மாட்டன். நீங்களே ஒருக்காப் பாத்துருங்க."

அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு நடுவில் இருக்கும். அதன் பெட்டியை ஒட்டி சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. காதில் துணி ஒட்டியிருந்தது. அவள் குனிந்து கேட்டாள்.

"அண்ணா, சேலம் வரைக்கும் தாங்குமுங்களா? இல்லாட்டி நானும் புள்ளையும் பஸ்ஸுல போயிக்கறமுங்க."

என் கையில் ஸ்பானர் இருந்தது. ஒரு பீடி குடிக்கிற நேரத்து வேலை. வேறு தோல் உள்ளே டப்பாவில், எண்ணெயில் ஊறிக்கொண்டு இருந்தது. ஆனால் எதிர் டீக்கடையில் கண்ணுசாமி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். அவன் வந்து எட்டிப் பார்க்கும்போது நான் என் சீலையே பிரித்து, உள்ளே இருந்து ஒரு கிழிந்த தோலை எடுக்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது சார். நாச்சிமுத்து பார்த்த பம்ப் பத்து நாள்கூடத் தாங்கவில்லை என்று கரூர் வரைக்கும் போய்விடும்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. நான் பாத்த பம்ப்பு. போயிட்டு வா," என்றேன்.

"அண்ணஞ் சொன்னா சரி," என்று அவனிடம் சொன்னாள். கதவை நான்தான் சாத்தினேன். அந்தக் கதவு ஒரே தள்ளில் சாத்தாது, தூக்கிச் சாத்த வேண்டும்.

மீதியை ஆஸ்பத்திரியில் அவன் வாயால் கேட்டேன். புதன்சந்தை தாண்டியதும் எஞ்சின் கத்த ஆரம்பித்திருக்கிறது. கிளட்சை மிதித்து, பிரேக் போட்டு ஓரமாக நிறுத்திவிட்டான். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்திருக்கிறான், ஒப்புக்கொள்கிறேன். எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் ஒயரை இழுத்தான். அது மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. சவாரிகள் பின்கதவைத் திறந்து குதித்து ஓடினார்கள். சௌந்திரம் குழந்தையை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் வராமல் இருந்திருக்கலாம். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவன் எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டான். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற குழாய்களின் நட்டைத் தளர்த்தினால் போதும், டீசல் வெளியே பீய்ச்சும், எஞ்சின் நின்றுவிடும். அது அவனுக்குத் தெரியும். ஸ்பானரை எடுத்து நட்டில் மாட்டியும் விட்டான்.

"சத்தியம் நாவகம் வந்துருச்சுங்க மச்சான்," என்றான் என்னிடம். "பம்ப்பத் தொட மாட்டன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கறனே. கைய எடுத்துட்டனுங்க."

கேட்டீர்களா. சீல் இருப்பது பின்பக்க மூடியில். குழாய் நட்டு இருப்பது மேலே. நட்டைத் தொட்டால் எந்தச் சாமி வந்து கேட்கப்போகிறது? எதில் பிடிவாதம் பிடிப்பது என்று தெரியாத ஜன்மம். இத்தனை வருஷம் வண்டி ஓட்டி, கண்ட ஸ்க்ரூவையும் திருகியவன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டான். அதுவும் அந்த நேரத்தில்.

நட்டை விட்டுவிட்டு, காற்றுக் குழாயைத் துணியால் அடைக்கலாம் என்று பார்த்தான். காற்று நின்றால் எஞ்சினும் நிற்கும், அதுவும் ஒரு வழிதான். அவன் துண்டு போதவில்லை. சௌந்திரம் குனிந்து தன் முந்தானையைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எஞ்சின் உடைந்தது. உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு ஒன்று இரும்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அவனுக்கு வலது கையில் காயம். அவளுக்குக் கழுத்தில். குழந்தை இருக்கிற பக்கம் திரும்பினாளாம்.

குழந்தை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. என் சம்சாரம் பார்த்துக்கொள்கிறாள். காது ஆறி வருகிறது.

நான் ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். முந்தாநாள் அவனுக்குச் சோறு கொண்டுவந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மச்சான், தப்பு என்னோடதுதானுங்க. நாந்தான் முன்னாடி திருகிக் கெடுத்து வெச்சிருக்கறன். உங்க சீல் மேல தப்பு இருக்காது, ஏட்டய்யாகிட்டயும் அதையேதான் சொன்னனுங்க," என்றான். ஏட்டும் தலையாட்டினார். எனக்குச் சோற்றுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் போலிருந்தது. ஒரு முட்டாள் நமக்காகப் பரிந்து பேசுவதைப் போல அசிங்கம் வேறு எதுவும் இல்லை. அன்றிலிருந்து சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை. அது அவன் பேச்சால் வந்த எரிச்சல்தான், வேறொன்றும் இல்லை.

ஸ்டாப் ஒயர் எப்படிக் கையோடு வந்தது என்கிறீர்கள்.

பரவாயில்லை. நான் நினைத்த அளவுக்கு நீங்கள் மக்கு இல்லை. அதை மாட்டியது நான். ஒயரைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூவை முழுக்க முடுக்கவில்லை. தினமும் மெதுவாக இழுத்து அணைக்கும்போது பிடித்துக்கொள்ளும், பதறி வேகமாக இழுத்தால் உருவிக்கொண்டு வரும். பாடம் புகட்டுவதற்குத் தோல் மட்டுமே போதுமே, எஞ்சினை நிறுத்தவே விடாமல் எதற்குச் செய்தாய் என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் சம்சாரம் இதைக் கேட்கமாட்டாள். அந்தப் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு இது தோன்றவே தோன்றாது.

அவன் பம்பைப் பெஞ்சில் ஏற்றினேன் என்றேன் அல்லவா. முதலில் அவன் திருகி வைத்த அளவிலேயே ஓட்டிப் பார்த்தேன். எவ்வளவு நாசம் பண்ணியிருக்கிறான் என்று பார்ப்பதற்காகத்தான். பெஞ்சில் நாசிலுக்கு ஒன்றாக நாலு கண்ணாடிக் குழாய் இருக்கும், விழுகிற டீசல் அதில் நிற்கும். நாலிலும் ஒரே மட்டமாக, எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் நின்றது. நம்பாமல் கொட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே கோடு. பிறகு என் பழைய அளவுக்குத் திருப்பி ஓட்டினேன். கோட்டுக்குக் கீழே நின்றது. அவ்வளவு நாளும் அந்த வண்டி என் கையால்தான் பட்டினி கிடந்திருக்கிறது. வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவன், காதால் கேட்டு, குருட்டாம்போக்கில் திருகிய கால் சுற்று.

அதுவரைக்கும் ஒயரைப் பற்றி நான் நினைக்கவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தோலை மாற்றியது நான். ஒயரைத் தளர்த்தியது நான். பஸ்ஸில் போகிறேன் என்றவளை வண்டியிலேயே போகச் சொல்லிக் கதவைச் சாத்தியதும் நான். சௌந்திரத்தைக் கொன்றவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அர்த்தநாரியை விட்டுவிடுங்கள், குழந்தைக்கு ஆள் வேண்டும். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கால் சுற்று சரியாக இருந்தது என்பதை மட்டும் எழுத வேண்டாம் சார். கோர்ட்டில் இதையெல்லாம் சத்தமாகப் படிப்பார்கள். கண்ணுசாமி வந்து உட்கார்ந்திருப்பான்.